மோதுகிற பக்கம்

அன்று ரோச்சோர் கால்வாய்க் கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நானா இருந்தார். கரையேற்றி வைத்த தொங்கானின், எங்கள் சரக்குப் படகின், நிழலில் குந்தியிருந்தார்.

நான் இருந்தேன். கையில் தார்ச்சட்டி.

மீரான் இருந்தான். சாகுல் இருந்தான். இரண்டு பேரும் எங்கள் தொங்கானில் கோல் ஊன்றுகிறவர்கள்.

அந்தோணி இருந்தான். வேளாங்கண்ணிப் பக்கத்து ஆள். எங்களோடு படகில் வருவான். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்கிற வேலையும் தெரியும்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களும் படகுக்காரர்கள். தகப்பனைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள்.

சர்பத்துக்காரர் ஒருவர் இருந்தார். ரிக்‌ஷா இழுக்கிற சீனர் ஒருவர் வண்டியைச் சாய்த்துவிட்டு அவரிடம் சர்பத் குடித்துக்கொண்டிருந்தார்.

சாலையில் காரில் வந்தவன் மண்டோர். தனியாக வந்தான். அன்று அந்தக் கால்வாயில் செத்தான்.

வேறு ஆள் இல்லை. போலீஸ்காரர் பிறகுதான் வந்தார்.

நான் எழுத உட்கார்ந்தது நானாவைப் பற்றி. மண்டோரைப் பற்றி எழுதுகிற அளவுக்கு மை என்னிடம் இல்லை. ஆனால் அவன் இல்லாமல் நானாவைச் சொல்ல முடியாது. அவனை ‘அவன்’ என்றுதான் எழுதுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நானா என்பது பெயர் அல்ல. நாகூர்ப் பக்கத்தில் நாங்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

குள்ளமான ஆள். தடித்த கழுத்து. கரையில் இருக்கும்போது வாய்க்குள்ளேயே பேசுவார், பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும். படகின் முன்னால் ஏறி நின்றால் அந்தக் குரல் வேறு. ஆற்று முகத்தில் நின்று கத்தினால் உள்ளே பாலத்தடியில் இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பான். அவ்வளவு சிறிய உடம்பில் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எதைக் கண்டாலும் கிட்டே போக மாட்டார். தள்ளி நின்று பார்ப்பார். பிறகு தனக்குத்தானே கேட்பார்.

“இது என்னத்தப் போல?”

பதில் கிடைக்கும்வரை கையை நீட்ட மாட்டார். கிடைத்துவிட்டால் பிறகு ஒரு கணம் நிற்க மாட்டார்.

ஒரு தடவை தேக்காவில் மாட்டுக் கொட்டகையிலிருந்து ஓர் எருமை மிரண்டு ஓடிவந்தது. கழுத்தில் நீளமான கயிறு. கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி மாட்டுக்காரர்கள் சாலையில் இழுபட்டு வருகிறார்கள். ஒருவருக்கு முழங்கால் கிழிந்து சதை தெரிந்தது. ஜனம் கடைகளுக்குள் ஓடியது. நானா நின்று பார்த்தார். உதடு அசைந்தது. என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்து கயிற்றின் நுனியைப் பொறுக்கிக்கொண்டு விளக்குக் கம்பத்துக்கு ஓடினார். இரண்டு சுற்று சுற்றினார். முடிச்சுப் போடவில்லை. இழுக்கவும் இல்லை. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ விட்டார். கம்பத்தில் புகை வந்தது. எருமையின் வேகம் குறைந்தது, பிறகு நடந்தது, பிறகு நின்றுவிட்டது.

மாட்டுக்காரர் ஒருவர், ஊரில் எருமை வைத்திருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் நானா. சரக்கேற்றிய தொங்கான் நீரோட்டத்தில் வரும்போது கரையில் நிறுத்துவது இப்படித்தான் என்றார். வெடுக்கென்று பிடித்தால் கயிறு அறுந்துவிடும், விட்டுக் கொடுத்தால் அதுவாக நிற்கும் என்றார். மாட்டுக்காரருக்குப் பாதிதான் கேட்டது.

நாங்கள் நிறையப் பேர் ஒரே அறையில் தங்கியிருந்தோம். கீழே ஒரே தண்ணீர்க் குழாய். விடிந்தால் அங்கே சண்டை. படகுக்காரர்களுக்கும் மேல்மாடியில் இருந்த கடை ஆட்களுக்கும் யார் முதலில் என்று. ஒரு நாள் வாளியால் அடித்துக்கொண்டார்கள். நானா படியில் உட்கார்ந்து பார்த்தார். பாலத்து வளைவுக்குள் எதிரெதிராக இரண்டு படகு வந்தால் என்ன செய்வோம் என்று கேட்டார். நீரோட்டத்தோடு வருகிறவனால் நிற்க முடியாது, எதிர்த்து வருகிறவன் ஓரங்கட்ட வேண்டும். படகு வேலைக்குத் தண்ணீர் ஏற்றம் காத்திருக்காது, கடை காத்திருக்கும். ஆகவே கடைக்காரர்கள் ஓரங்கட்டட்டும் என்றார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் ஓரங்கட்டினார்கள். சண்டை நின்றது.

எல்லாம் பலிக்கவில்லை. தேக்காவில் இடியப்பம் விற்ற விதவைப் பெண் ஒருவர் மேல் நானாவுக்கு மனது இருந்தது. எங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். போய்ப் பேசுங்கள் என்றோம். நேரம் வரும் என்றார். தினமும் இடியப்பம் வாங்குவார், வீடு திரும்புவார். ஒரு பெருநாள் போயிற்று, இன்னொரு பெருநாள் போயிற்று. அந்தப் பெண் மாட்டு வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டார். கலியாணச் சோறு தின்றுவிட்டு வரும் வழியில் மீரான் கேட்டே விட்டான்.

“ஏன் நானா, அதை என்னத்தப் போலன்னு நெனச்சீங்க?”

“தண்ணி ஏத்தம் மாதிரி. காத்திருந்தா தானா ஏறும்னு.”

“ஏறலையே.”

“ஆமா. போலன்னா, போலதான். அதுவே இல்ல.”

நாங்கள் வீடு வரைக்கும் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். அவர் சொன்ன அந்தச் சொல்லை நான் அப்போது வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இனி மண்டோர்.

மண்டோர் என்றால் ஆட்களை வேலை வாங்குகிற மேலாள். அவன் எப்போதும் மண்டோராக இருந்தவன் இல்லை. பதினொரு வருடம் நானாவும் அவனும் ஒரே தொங்கானில் வேலை செய்தார்கள். நானா முன்னால், அவன் பின்னால் சுக்கானில். ஒருவரை ஒருவர் கூட்டாளி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள்.

சுக்கான் பிடிக்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். படகின் பின்னால் ஒரு கட்டை இருக்கும். அதை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். சரக்கு உயரமாக ஏற்றியிருந்தால் பின்னால் இருப்பவனுக்கு முன்னால் எதுவும் தெரியாது. முன்னால் நிற்கிறவன்தான் அவனுக்குக் கண். வலப்பக்கம் ஏதாவது மோத வந்தால் அவன் “வலத்தே” என்று கத்துவான். பின்னால் இருப்பவன் யோசிக்க மாட்டான். கட்டையை வலப்பக்கமே தள்ளுவான். மோதுகிற பக்கம் கை போகும். படகு விலகிப் போகும். இவ்வளவுதான் தொழில். யோசிக்கிறவன் படகு பாலத்தில் மோதிவிடும்.

பதினொரு வருடம் நானா கத்தினார், அவன் தள்ளினான். ஆற்றில் இத்தனை படகுக்கு நடுவில் அவர்கள் எதிலும் உரசியது கிடையாது. அந்தக் குரலும் அந்தக் கையும் ஒரே உடம்பு என்று சொல்வார்கள்.

பிறகு அவன் மண்டோர் ஆனான். பிறகு படகு வாங்கினான். பிறகு நாங்கள் எல்லோரும் அவன் படகில் வேலை செய்தோம். நானா சுக்கானுக்கு வந்தார். ஊரிலிருந்து தம்பியை வரவழைத்தார். தம்பியும் சுக்கான் பிடிக்கப் பழகினார். நல்ல ஆள். பாடிக்கொண்டே சுக்கான் பிடிப்பார்.

அந்த நாளில் தம்பியின் தொங்கானில்தான் நான் இருந்தேன். மழைக்காலம். கப்பலிலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றினோம். மேலே பிரம்புக்கட்டு. பாரம் அதிகம் என்று தம்பி சொன்னார். இன்னும் ஏற்று என்றான் மண்டோர். அவன் பக்கத்தில் வேறு படகில் நின்றிருந்தான். ஆற்று முகத்தில் ஒரு நீராவிக் கப்பல் கடந்து போன அலையில் எங்கள் படகு மூழ்கியது. கவிழவில்லை. அப்படியே கீழே போயிற்று. மூட்டை தண்ணீருக்குள் போய்விட்டது. பிரம்பு மிதந்தது. நாங்களும் மிதந்தோம்.

மண்டோரின் படகில் ஆட்கள் இருந்தார்கள். கயிறு இருந்தது. அவன் சொன்னதை நான் தண்ணீரில் இருந்து கேட்டேன்.

“பிரம்பை எடுங்கடா முதல்ல. ஆளுங்க நீந்துவானுங்க.”

நீந்தினோம். அன்று நீரோட்டம் கடலுக்கு இழுத்தது. தம்பி வயதான ஒருவரைத் தோளில் தாங்கியபடி நீந்தினார். நான் மேலே எழுதிய அண்ணன் தம்பிக்கு அவர் தகப்பன். அந்தோணியின் மச்சான் அவர்களுக்குப் பின்னால் இருந்தார். மூன்று பேரும் ஒரு நேரம் வரை தெரிந்தார்கள். பிறகு தெரியவில்லை.

நான் பிழைத்தேன். ஒரு பிரம்புக்கட்டைப் பிடித்திருந்தேன். மண்டோரின் ஆட்கள் பிரம்பை இழுத்தார்கள். நானும் வந்தேன்.

விசாரணை நடந்தது. அலை காரணம் என்று எழுதினார்கள்.

மூன்றாம் நாள் எங்கள் அறையில் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதினோம். மண்டோர் அரிசியும் ஓர் ஆடும் அனுப்பிவிட்டுத் தானும் வந்து உட்கார்ந்தான். நானா அவனுக்குச் சோறு போட்டார். கறி போட்டார். அவன் சாப்பிட்டான். எழுந்து கை கழுவும்போது நானாவின் தோளில் ஈரக் கையை வைத்தான்.

“மனசுல வச்சுக்காத கூட்டாளி. நீந்துவானுங்கன்னு நெனச்சேன். நம்ம ஆளுங்கதானே.”

“ஆமா. நம்ம ஆளுங்க.”

அவ்வளவுதான் நானா சொன்னார். அவன் போன பிறகு அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார். உடைக்கிற சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். கழுவி எடுத்துவந்து மற்றத் தட்டுகளோடு கவிழ்த்து வைத்தார்.

அண்ணன் தம்பியில் மூத்தவனிடம் ஒரு கத்தி இருந்தது. சரக்குக் கிட்டங்கிச் சந்தில் வைத்து முடிக்கிறேன் என்று எங்களிடம் சொன்னான். நானா கத்தியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கத்தியால் போனால் உன்னைத் தூக்கில் போடுவார்கள், அவனுக்கு ஒரு சாவு நமக்கு நாலு சாவு என்றார். பொறு என்றார். எதற்கு என்று கேட்டான். இன்னும் தெரியவில்லை, இது என்னத்தைப் போல என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

அந்த வருடம் முழுவதும் அவர் ஒருதரமும் சிரித்து நான் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை ஒரு சைக்கிள் வாங்கினார். மாலையில் ஆற்றங்கரையில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். நானாவை ஏற்றி வேடிக்கை பார்க்க வேண்டும் என்று சாகுலுக்கு ஆசை. சிறிது நேரத்தில் நன்றாகவே ஓட்டினார். எங்களுக்கு ஏமாற்றம். அப்போது வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வெளியே வந்தது. இடப்பக்கம் முழுக்க வெறும் சாலை. நானா வலப்பக்கமே திருப்பி வண்டியில் போய் மோதினார். சைக்கிள் ஒரு பக்கம், அவர் சாக்கடையில்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாடு எவ்வளவு அழகாக இருந்தால் இப்படிப் போய்க் கட்டிப்பிடிப்பீர்கள் என்று கணக்குப்பிள்ளை கேட்டார். நான் கைகொடுக்கப் போனேன். அவர் எழுந்திருக்கவில்லை. சாக்கடையில் உட்கார்ந்தபடி இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை நம்ம பேச்சக் கேக்கல. பழைய பேச்சக் கேக்குது.”

அடிபட்டதில் உளறுகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து கணக்குப்பிள்ளையிடம் சைக்கிளை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். சாகுலை ஏறச் சொன்னார். சாகுலும் முன்பு சுக்கான் பிடித்தவன். அவன் ஒழுங்காக ஓட்டி வருகிற நேரத்தில் நானா சும்மா நின்றிருந்தவர், திடீரென்று அந்தப் பெரிய குரலில் “வலத்தே” என்று கத்தினார். சாகுல் வலப்பக்கம் திருப்பிச் சுவரில் விழுந்தான். சுக்கான் பிடித்தறியாத கணக்குப்பிள்ளையை ஓட்டச் சொல்லிக் கத்தினார். அவர் என்னய்யா என்று நின்று திரும்பிப் பார்த்தார். நானா தலையை ஆட்டிக்கொண்டார். மூக்கில் ரத்தத்தோடு எழுந்துவந்த சாகுல் அவரைத் திட்டினான். நானா அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

தெரியாத இடத்தில் தெரிந்ததைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது நானாவின் வழக்கம். தெரிந்தது நம்மைக் கேட்காமல் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அன்று அவருக்குப் புதிது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு உறைத்ததும் அன்று இல்லை. மண்டோர் கார் வாங்கிய அன்று.

கப்பல் கம்பெனி ஒன்றில் இருந்த வெள்ளைக்காரர் யாரோ விற்றுவிட்டுப் போன கார். மேலே கூரை இல்லாதது. பித்தளை விளக்கு. அதைத் தானே ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்து நிறுத்தினான். எங்களையெல்லாம் கூப்பிட்டான். தொட்டுப் பார்க்கலாம் என்றான், தார்க் கை இல்லாதவர்கள் மட்டும். ஓட்டுவதற்கு ஆள் வைக்கவில்லையா என்று யாரோ கேட்டார்கள்.

“ஆள் எதுக்குடா? சுக்கான் புடிச்ச கை இது. ஆத்துல தொங்கானை வளைச்சவனுக்கு ரோட்டுல இது ஒரு பெரிய வேலையா?”

நானா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உட்காரும் இடத்துக்கு முன்னால் இருந்த வட்டத்தைப் பார்த்தார். அதைத் திருப்பினால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குனிந்து பார்த்தார். வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம். சைக்கிளைப் போலவே. பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தன் கேள்வியை அவனிடமே கேட்டார்.

“இது என்னத்தப் போல கூட்டாளி?”

“தொங்கானப் போலத்தான். வேறென்ன?”

“நீ சொன்னாச் சரிதான்.”

அப்போது நானா சிரித்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மண்டோருக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. பழைய கூட்டாளி திரும்பிவிட்டான் என்று நினைத்திருப்பான். ஒரு நாள் உன்னை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றான். சரி என்றார் நானா.

அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் நானா நடந்துவிட்டு வருவார். நானும் சில நாள் கூடப் போனேன். மண்டோர் போகிற வழியில் போவோம், அவ்வளவுதான். நின்று பார்ப்போம். அவன் நன்றாகத்தான் ஓட்டினான். பதறாமல் இருக்கும்வரை அவன் தலை சொன்னதைக் கை கேட்டது. ஒரு நாள் சிராங்கூன் சாலையில் இடப்பக்கத்திலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. கார் நாயின் பக்கமே போயிற்று. நாய் செத்தது. மண்டோர் இறங்கி நாயை வைதான். கடைக்காரர்கள் அவனுக்காக நாயை வைதார்கள். வீடு வரும் வழியெல்லாம் நானாவின் நடை லேசாக இருந்தது.

பிறகு எங்கள் தொங்கான் ஒன்றுக்குப் பலகை ஒழுகியது. அதைக் கரையேற்றி அடைக்க வேண்டும். எங்கே ஏற்றுவது என்ற பேச்சு வந்தபோது ரோச்சோர் கால்வாய்க் கரையில் ஏற்றலாம் என்றார் நானா. படகு மண்டோருடையது. அவனே சரி என்றான். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து அந்தக் கால்வாய்ச் சாலை வழியாகத்தான் அவன் வீட்டுக்குப் போவான். அந்த இடத்தில் சாலை வளையும். கால்வாய் வலப்பக்கம். கைப்பிடிச் சுவர் அங்கே இல்லை, இடிந்து போயிருந்தது.

இரண்டு வெள்ளிக்கிழமை அவன் எங்களைக் கடந்து போனான். கையை ஆட்டினான். நானாவும் ஆட்டினார். வற்றின நேரம், கால்வாயில் சேறுதான் இருந்தது. மூத்தவன் பல்லைக் கடித்தான். தண்ணீர் வரட்டும் என்றார் நானா. அப்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. யாரும் வேறு வேலைக்குப் போகவும் இல்லை.

கடைசியை எழுதுமுன் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் சர்பத்துக்காரரைக் கேட்டார்கள். வலப்பக்கம் கால்வாய் இருக்கிறது என்று இந்தப் பெரியவர் கத்தி எச்சரிக்கை செய்தார், காரில் வந்தவர்தான் காதில் வாங்கவில்லை என்றார். அவர் சொன்னது அவருக்கு உண்மை. அப்படியே எழுதிக்கொண்டார்கள். நானாவுக்கு நன்றி சொன்னார் விசாரித்த வெள்ளைக்காரத் துரை. நானா சலாம் வைத்தார். பிறகு பல காலம் இருந்தார். தஞ்சோங் பகார் பக்கம் கப்பல்துறையில் காவல் வேலை பார்த்தார். டிராம் வண்டியில் கூட ஏற மாட்டார். எவ்வளவு தூரமானாலும் நடைதான். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். ஓட்டுகிறவன் முன்னே என்னவாக இருந்தான் என்று நமக்கு எப்படித் தெரியும் என்றார். கடைசிக் காய்ச்சலில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். தம்பியின் பெயரைச் சொன்னார். மண்டோரின் பெயரைச் சொல்லவில்லை. மறுமையில் அவரைக் கேட்பார்கள். என்னையும் கேட்பார்கள். என்னிடம் பதில் இருக்கிறது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. பௌர்ணமிக்கு மறுநாள். பெரிய ஏற்றம். கால்வாய் விளிம்பு வரைக்கும் தண்ணீர், ஜவ்வரிசி ஆலைக் கழிவோடு புளித்த வாடை. நல்ல வெயில். நானா தொழுதுவிட்டு வந்து தொங்கானின் நிழலில் குந்தினார். சர்பத்துக்காரர் அவரிடம் ஒரு தம்ளர் நீட்டினார். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிறகு குடிக்கிறேன் என்றார்.

கார்ச் சத்தம் கேட்டது. அந்தோணி உளியைக் கீழே வைத்தான். நானா எழுந்து சாலையோரம் போய் நின்றார். ஒரு காலத்தில் படகின் முன்னால் நிற்கிற மாதிரி கால் அகட்டி நின்றார். மண்டோர் வளைவில் வந்தான். நீளமான கோட்டு, புதுத் தொப்பி. எங்களைப் பார்த்துக் கை ஆட்டத் தூக்கினான்.

“வலத்தே!”

நான் அவர் குரலை எத்தனையோ தடவை கேட்டவன். என் கையே வலப்பக்கம் போயிற்று, தார்ச்சட்டி சாய்ந்தது. மண்டோரின் முகத்தில் பயம்கூட வரவில்லை. இளமைக்காலத்து முகம் வந்தது. தூக்கிய கை வட்டத்துக்கு வந்து வலப்பக்கம் தள்ளியது. முழுப் பலத்தோடு தள்ளியது. நல்ல சுக்கான்காரன் அப்படித்தான் தள்ளுவான்.

கார் தலைகீழாகப் போயிற்று. பெரிய சத்தம் இல்லை. சக்கரங்கள் மேலே தெரிந்தன, சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு கை மேலே வந்தது. கோட்டோ வட்டமோ எதுவோ அவனைக் கீழே பிடித்திருந்தது. கை போயிற்று. திரும்ப வந்தது.

சீனர் தம்ளரைப் போட்டுவிட்டு விளிம்புக்கு ஓடிவந்து நின்றார். அவருக்கு நீந்தத் தெரியாது. சர்பத்துக்காரரும் ஓடிவந்தார். அவருக்கும் தெரியாது. அவர் எங்களைப் பார்த்தார்.

“நிக்கிறீங்களே. யாராச்சும் குதிங்க.”

நானா தொங்கானில் சாய்த்திருந்த கோலை எடுத்தார். சர்பத்துக்காரர் வழிவிட்டார். தொப்பி மிதந்து வந்தது. நானா கோலை நீட்டி அதை மெல்ல இழுத்துக் கரையில் வைத்தார். அடுத்து காரின் தோல்மெத்தை மிதந்து வந்தது. அதையும் இழுத்தார். தண்ணீரை உதறிவிட்டுத் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். கையைப் பார்க்கவில்லை.

“பெரியவரே, ஆளு உள்ள இருக்காரு” என்றார் சர்பத்துக்காரர்.

“நீந்துவாரு,” என்றார் நானா. “நம்ம ஆளுதான்.”

யாரும் அசையவில்லை. கை இன்னொரு தரம் வந்தது. சக்கரங்கள் சுற்றுவது நின்றது. குமிழி வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் வரவில்லை. நானா திரும்பி வந்து, வைத்திருந்த சர்பத்தை எடுத்துக் குடித்தார்.

ஊதல் ஊதிக்கொண்டு போலீஸ்காரர் வந்தார். மலாய்க்காரர். தொப்பியையும் மெத்தையையும் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, இங்கே நீந்தத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்.

ஏழு பேர்.